பிள்ளைகளோடு கார்ட்டூன் பார்க்கப் போக: காயங்குளமா, பெங்களூரா, திருவனந்தபுரமா?

விடுமுறை நெருங்கும்போது, என்னிடம் படம் வரையப் படிக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "டீச்சர், இவங்கள ஒரு கார்ட்டூன் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போணும். எங்க போனா நல்லது?" பிள்ளைகளின் வயது நான்கு முதல் பத்து வரை இருக்கும். நம் குமரி மாவட்டத்துக்குள் கார்ட்டூனுக்கென்று ஓர் அருங்காட்சியகம் கிடையாது. எங்கே போனாலும் ஒரு நாள் முழுசாகப் போய்விடும், சின்னதுகள் சோர்ந்தும் போகும். அதனால் கிளம்பும் முன்னால் கொஞ்சம் யோசித்துக்கொள்வது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஏழு வயது தாண்டிவிட்டதா, காயங்குளம் போங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் திருவனந்தபுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு இதற்காக மட்டும் போக வேண்டாம். வேறு காரியமாகப் போனால் தவறவிடவும் வேண்டாம். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில்தான் வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வயதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கார்ட்டூன் கண்காட்சி என்றதும் பிள்ளைகள் மனத்தில் வருவது டிவியிலும் போனிலும் ஓடித் துள்ளும் உருவங்கள். அங்கே போய்ப் பார்த்தால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. பாதிக்கு மேல் அரசியல் தலைவர்கள். பெரியவர்கள் கண் உயரத்துக்கு மாட்டியிருப்பார்கள். யூகேஜி பிள்ளைக்குச் சட்டத்தின் அடிக்கட்டைதான் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே முகம் வாடிவிடும்.

ஓர் அரசியல் கார்ட்டூனைப் பார்த்துச் சிரிக்க மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது யார், அப்போது என்ன நடந்தது, வரைந்தவர் எதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். மூன்றாவதை ஆறு ஏழு வயதுப் பிள்ளை தானாகவே பிடித்துவிடும். நீண்ட மூக்கு, தொங்கும் தொப்பை, குடை மாதிரி விரிந்த மீசை எல்லாம் அதன் கண்ணில் முதலில் படும். முதல் இரண்டையும் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அன்றைய நாளிதழில் வந்த கார்ட்டூனை வெட்டி, ஒன்றும் சொல்லாமல் பிள்ளை முன்னால் வையுங்கள். "இது ஆரு?" என்று கேட்டால் அதற்கு அருங்காட்சியகத்துக்கான வயது வந்துவிட்டது. ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

காயங்குளம், கிருஷ்ணபுரம்

ஆலப்புழை மாவட்டத்தில் காயங்குளத்தை ஒட்டிய கிருஷ்ணபுரத்தில், கேரள லலிதகலா அகாதெமி நடத்தும் சங்கர் நினைவு தேசிய கார்ட்டூன் அருங்காட்சியகம் 2014-லிருந்து இருக்கிறது. இந்தியாவில் அரசியல் கார்ட்டூனின் தந்தை என்று சொல்லப்படும் கே. சங்கர் பிள்ளை 1902-ல் பிறந்த ஊர் காயங்குளம்தான்.

இந்த இடத்தை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் கட்டடமோ படங்களோ இல்லை. சங்கர் என்ற மனிதர். பெரியவர்களுக்காக வரைந்த கார்ட்டூனிஸ்டுகளில், பிள்ளைகளுக்காக இவர் அளவுக்கு உழைத்த வேறொருவரை நான் அறியேன். 1949-ல் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். பின்னால் அது உலகம் முழுவதும் உள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளும் போட்டியாக வளர்ந்தது. 1957-ல் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடவென்றே சில்ரன்ஸ் புக் டிரஸ்ட் தொடங்கினார். பத்ம விருதுகள் மூன்றும் பெற்றவர். ஆனாலும் நான் பிள்ளைகளிடம் சொல்வது 1977-ல் போலந்து நாட்டிலிருந்து கிடைத்த 'புன்னகை விருது' பற்றித்தான். அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே பங்குண்டு. "சின்னப் பிள்ளைகளே சேர்ந்து ஒரு தாத்தாவுக்கு மெடல் குடுத்தாங்க" என்று சொன்னால் வண்டியிலேயே கண் விரியும்.

இன்னொரு கதையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். சங்கர் முதன்முதலில் வரைந்த கார்ட்டூன், வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஆசிரியரை. தலைமையாசிரியர் கோபப்பட்டார்; வீட்டில் மாமா ஆதரவு கொடுத்தார். இதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்போடு உள்ளே நுழைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் நேருவைப் பற்றியும் சொல்லலாம். 1948-ல் சங்கர் தன் பெயரிலேயே கார்ட்டூன் வார இதழைத் தொடங்கியபோது, என்னையும் விட்டுவைக்காதே என்று அவரிடம் சொன்னவர் நேரு. சங்கரும் விட்டுவைக்கவில்லை. நாட்டின் பிரதமரைக் கேலியாக வரையலாம், அவரும் அதைப் பார்த்து ரசிக்கலாம் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய அதிசயம். அந்த இதழ் 1975-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் நின்றுபோனது. ஏன் நின்றது என்று பிள்ளை கேட்கும். பதிலை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

இதே சங்கர் 1949-ல் வரைந்த ஒரு கார்ட்டூன், அரசியல் சட்டம் எழுதும் வேலை மெதுவாகப் போகிறது என்ற கேலியாக நத்தையின் மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்கப் பின்னால் நேரு சாட்டையோடு நிற்பது, 2012-ல் பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. பலருடைய மனத்தை அது புண்படுத்தியது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையிடம் இதையும் பேசலாம், பேச வேண்டும். யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையிலும் அதற்கு உதவும்.

உள்ளே சங்கரின் படங்களோடு மற்ற கார்ட்டூனிஸ்டுகளின் படங்களும் உண்டு. மொழி பற்றிக் கவலைப்பட வேண்டாம். சங்கர் எழுதிய வாசகங்கள் ஆங்கிலம். கேரளக் கார்ட்டூனிஸ்டுகளின் படங்களில் மலையாளம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த தாத்தா பாட்டி ஒருவராவது இருப்பார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரனுக்குப் பாட்டி வாசித்து அர்த்தம் சொல்வது அந்த நாளின் சிறந்த பகுதியாக இருக்கும்.

எல்லாப் படத்தையும் காட்டிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஐந்தாறு படம் போதும். என்னோடு வந்த ஒரு சிறுவன், இரண்டாம் வகுப்பு, ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். "டீச்சர், இவருக்க மூக்கு ஏன் இவ்வளவு நீளமா கெடக்கு?" "நீயே பாரு மக்ளே. மூக்க மட்டும் வெரல வச்சு மறச்சிட்டுப் பாரு." ஒரு கண்ணை மூடி, விரலைத் தூக்கிப் படத்துக்கு நேராகப் பிடித்தான். மூக்கு மறைந்ததும் அது ஒரு சாதாரண ஆளின் முகம். விரலை எடுத்தான், மறுபடி கேலிச்சித்திரம். விரலை வைத்தும் எடுத்தும் பார்த்தான், தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான், பிறகு தரையில் உட்கார்ந்து நோட்டில் தன் அப்பாவை வரைய ஆரம்பித்தான். காதுதான் பெரிதாக வந்தது. அவன் அப்பாவுக்குக் காது பெரிதுதான். பள்ளியில் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அந்த ஒரு விரலில் முடிந்தது. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கட்டாயம் கொண்டு போங்கள். பேனாவும் ஸ்கெட்சும் பையிலேயே இருக்கட்டும். படங்களுக்குப் பக்கத்தில் மை வேண்டாம்.

பிள்ளைகள் கார்ட்டூன் பார்ப்பது ஒரு மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் அழுகைதான். ஒரு மணி நேரத்துக்காக 175 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். அங்கேதான் கிருஷ்ணபுரம் கொட்டாரம், அதாவது பழைய அரண்மனை, கை கொடுக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பொருத்தமான இடம். பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றார், 1746-ல் காயங்குளத்தைத் தன் நாட்டோடு சேர்த்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கொட்டாரம். சரிந்த ஓட்டுக் கூரை, மர வேலை எல்லாம் பார்த்ததும் "இது நம்ம பத்மநாபபுரம் போலல்லா இருக்கு" என்று பிள்ளைகளே சொல்வார்கள். இரண்டு பக்கமும் கூரான காயங்குளம் வாள் அங்கே இருக்கிறது. பையன்களை அதன் முன்னாலிருந்து கிளப்புவது சிரமம். உள்ளே 14 அடிக்கு 11 அடியில் கஜேந்திர மோட்சம் சுவரோவியம். கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு அந்தச் சிவப்பும் மஞ்சளும் பெரிய விருந்து. "ஆனை எங்க இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கார்ட்டூனையும் சுவரோவியத்தையும் ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு, கோடு என்ன செய்யும், வண்ணம் என்ன செய்யும் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

இனி பயணம். விடியும் முன்பே கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் பரசுராம் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில் வழியாகக் காயங்குளம் போகிறது. உட்கார்ந்து போகும் வண்டி, படுக்கை கிடையாது. தூக்கம் கலையாத பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டுதான் போக வேண்டும். திரும்ப, எதிர்த்திசைப் பரசுராம் மாலையில் கிடைக்கும். நேரம் அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவதால் அருங்காட்சியகம் திறக்கும்வரை நேரம் இருக்கும். பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஓச்சிறை பரப்ரம்மம் கோயிலுக்கு ஓர் ஆட்டோ பிடியுங்கள். ஸ்ரீகோவில், அதாவது கருவறை, என்று கட்டடமே இல்லாத, மரத்தடியில் வழிபடும் கோயில், விரிந்த மைதானம். பிள்ளைகள் ஓடியாடிவிட்டு வந்தால்தான் அதன் பிறகு சுவர்ப் படங்களின் முன்னால் அமைதியாக நிற்பார்கள். ஆட்டோக்காரரிடம் "கிருஷ்ணபுரம் கொட்டாரம்" என்றாலே புரியும்.

காரில் போவதானால் கன்னியாகுமரியில் முடியும் அதே 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் கிருஷ்ணபுரத்துக்கும் கொண்டுபோய் விடும். சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் நேரம் போகும். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் ரயில்தான் நல்லது. வழியில் சாப்பிட மட்டிப்பழமும் பொடி தடவிய இட்டிலியும் கையோடு இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பெங்களூர்

எம்.ஜி. ரோட்டை ஒட்டிய மிட்ஃபோர்ட் கார்டன் பகுதியில், இந்தியக் கார்ட்டூனிஸ்டுகள் நிறுவனம் நடத்தும் கார்ட்டூன் கேலரி 2007-லிருந்து இருக்கிறது. இதன் சிறப்பு, படங்கள் மாறிக்கொண்டே இருப்பது. ஒருமுறை ஒரு கார்ட்டூனிஸ்டின் கண்காட்சி இருந்தால் அடுத்த முறை வேறொருவருடையது. காயங்குளத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வரலாறு. இங்கே இன்று வரைபவர்களும் கிடைப்பார்கள். ஏற்கனவே கார்ட்டூன் பைத்தியம் பிடித்த, தானே வரைந்து குவிக்கும் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு இது காயங்குளத்தைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் இடம் சிறியது. நாகர்கோவிலிலிருந்து மதுரை, சேலம் வழியாக ஓர் இரவு முழுக்க ரயிலில் போய், தங்குவதற்கு அறை எடுத்து, ஒரு சின்ன கேலரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நாலு வயதுப் பிள்ளைக்குத் தண்டனை. பெங்களூரில் அத்தையோ சித்தப்பாவோ இருக்கிறார்கள், எப்படியும் போகிறோம் என்றால் ஒரு காலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஞாயிறை நம்ப வேண்டாம், சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிரினிட்டி மெட்ரோவில் இறங்கினால் பக்கம். பார்த்து முடித்ததும் மெட்ரோவிலேயே கப்பன் பூங்கா போய்விடலாம். அங்கே மரம் இருக்கிறது, ஓட இடம் இருக்கிறது, பக்கத்திலேயே விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் இருக்கிறது.

எப்படியும் போகிறோம் என்ற வகையில் இன்னும் இரண்டு. திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போகும் குடும்பங்கள், பஹதூர் ஷா ஜஃபர் மார்க்கில் அதே சங்கர் 1965-ல் திறந்த பொம்மை அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் தொடங்கி உலகம் முழுவதிலுமிருந்து சேர்ந்த பொம்மைகள். சின்னப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூனைவிட இதுவே பிடிக்கும். மகனோ மகளோ கலிபோர்னியாவில் இருந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் நம்மூர்த் தாத்தா பாட்டிகளுக்கு, சான் பிரான்சிஸ்கோவில் 1984-ல் தொடங்கிய கார்ட்டூன் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அர்த்தம் சொல்ல, நீங்கள் கேட்கலாம்.

திருவனந்தபுரம்

இங்கே கார்ட்டூன் அருங்காட்சியகம் இல்லை. இருந்தும் ஐந்துக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குழித்துறையில் ரயிலோ வடசேரியில் பஸ்ஸோ ஏறினால் காலையிலேயே போய்ச் சேர்ந்து, சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்.

மியூசியம் வளாகத்தில் எல்லாம் ஒன்றாக இருக்கிறது. 1880-ல் கட்டி முடித்த நேப்பியர் மியூசியம், 1935-ல் தொடங்கிய ஸ்ரீசித்திரா ஓவியக் கூடம், 2023-ல் திறந்த ராஜா ரவிவர்மா ஓவியக் கூடம், இவற்றோடு மிருகக்காட்சி சாலை. சின்னப் பிள்ளையை முதலில் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். என் யோசனை நேர் எதிர். முதலில் ஓவியக் கூடம், அரை மணி நேரம் மட்டும். மிருகங்களைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையும் படம் பார்க்க வராது. பிறகு மிருகக்காட்சி சாலையில் ஒரு விளையாட்டு: "இந்த நீர்யானையக் கார்ட்டூனா வரஞ்சா எதப் பெருசாக்குவ?" வாயைப் பெரிதாக்குவேன் என்று ஒரு பிள்ளை சொல்லும், வயிற்றை என்று இன்னொன்று சொல்லும். பெரிதாக்கிக் காட்டுவது என்றால் என்ன என்று நாலு வயதிலேயே புரிந்துவிட்டது. காயங்குளம் போகும் வயது வரும்போது இந்தப் பிள்ளை தயாராக இருக்கும்.

போகும் முன் நம்மூரிலேயே

எங்கே போவதானாலும் அதற்கு முந்தின வாரம் பத்மநாபபுரம் கொட்டாரத்தில் ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்கள். செருப்பைக் கழற்றி வைப்பது, பொருள்களைத் தொடாமல் பார்ப்பது, வரிசையில் நடப்பது எல்லாம் அங்கே பழகிவிடும். முகப்பு மண்டபமான பூமுகத்து மேற்கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்து, பிடித்த ஒரு பூவை மட்டும் வரைந்து வரச் சொல்லுங்கள். நின்று பார்க்கும் பொறுமை பிள்ளைக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வீட்டுச் சுவரில் ஒரு கயிறு கட்டி, நாளிதழ்க் கார்ட்டூன்களைத் துணி கிளிப்பில் மாட்டி வையுங்கள், பிள்ளையின் கண் உயரத்துக்கு. தமிழில் இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். 1906-ல் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதியார் கார்ட்டூன் போட்டார் என்றால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாரதி தலைப்பாகையும் பாட்டும்தான். விகடனில் மாலியும் கோபுலுவும் வரைந்த மனிதர்களை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள், கேளுங்கள். பிறரை நோகடிக்காமல் சிரிக்க வைத்து யோசிக்கவும் வைத்த என்.எஸ். கிருஷ்ணன் பிறந்தது நம் ஒழுகினசேரியில்தான் என்பதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடலாம்.

வீட்டில் எட்டு வயதும் நாலு வயதும் சேர்ந்து இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அப்பா மூத்ததோடு காயங்குளம் போகட்டும். அம்மாவோ அம்மச்சியோ சின்னதோடு திருவனந்தபுரத்தில் இறங்கிக்கொள்ளட்டும். ஒரே வண்டிதான், மாலையில் திரும்பும்போது சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் மூத்தது ஆறாவது படத்தில் நிற்கும்போது சின்னது வாசலில் நின்று அழும், பெரியது அரைகுறையாகப் பார்த்துவிட்டு வரும். அது பெரியதுக்குச் செய்யும் அநியாயம்.

திங்கட்கிழமை எதற்கும் கிளம்பாதீர்கள். பத்மநாபபுரம், கிருஷ்ணபுரம், திருவனந்தபுரம் மியூசியம் மூன்றும் அன்று விடுமுறை. கார்ட்டூன் அருங்காட்சியகம் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ஊர் திரும்பியதும் நோட்டில் உள்ள படங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சங்கர் தொடங்கிய பிள்ளைகள் ஓவியப் போட்டிக்கு 16 வயதுக்குள் உள்ள யாரும் அனுப்பலாம். அந்த வருட விதிகளைப் பார்த்து, பிள்ளையின் கையாலேயே கவரில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.